எல்லாருக்கும் மேலே பாக்கர் மாமா

கல்யாண வீட்டு மொய் நோட்டாக இருந்தாலும் சரி, பேருந்தின் ஊர்ப்பலகையாக இருந்தாலும் சரி, சுலைகாவின் சுட்டுவிரல் தானாக மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கிவிடும். தேடியது கிடைத்த இடத்தில் நிற்கும். அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. "கெடச்சிருச்சுல்ல, அப்புறம் எதுக்குக் கீழ போறது?" என்பாள். இதனால் பலமுறை தவறான பேருந்தில் ஏறியிருக்கிறாள் என்பது வேறு கதை.

கீழக்கரைக் கடைத்தெருவுக்குப் பின்னால், அவளுடைய வாப்பாவுக்குச் சொந்தமான அறையில் உட்கார்ந்து ஓர் இணையதளம் செய்கிறாள். துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் அதில் எதைக் கேட்டாலும், அது இங்கே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆடு கேட்டால் இருளாண்டியின் செல்போனுக்குச் செய்தி போகும். தண்ணீர் கேட்டால் லாரிக்கார முத்துராமலிங்கத்துக்கு. தொதல் கேட்டால், அந்த இனிப்பைக் கிண்டிக் கொடுக்கும் மஜீதாவுக்கு. எது யாருக்கு என்று சர்வருக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிகளுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் ரூட்டு. சர்வரும் அவள் விரலின் ஜாதிதான். மேலிருந்து படித்துக்கொண்டே வரும், முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். இதை அவள் முத்துராமலிங்கத்துக்கு விளக்கியபோது, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீசல் யார் போடுவது என்று கேட்டார்.

வாப்பா கொடுத்திருந்த கெடு ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும்தான். அதற்குள் ஓடவில்லை என்றால் அறை ரீசார்ஜ் கடைக்கு, கம்ப்யூட்டர் பரணுக்கு, சுலைகா அடுப்படிக்கு. அந்தக் கெடுவையே மல்லுக்கட்டி வாங்கித் தந்தவர் பாக்கர் மாமா, உம்மாவின் அண்ணன். கப்பல் வேலையிலிருந்து ஓய்ந்து வந்தவர், அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எந்த ரூட்டிலும் சேராத ரிக்வெஸ்ட் வந்தால் தனக்கு அனுப்பச் சொன்னார். "என்னத்த கேட்டாலும் நான் பாத்துக்கிறேன் மருமவளே" என்றார்.

பெருநாளுக்கு முந்திய நாள் காலை, தளத்தைத் திறக்கும் நேரத்தில், அந்த வரியை எழுதினாள். எது வந்தாலும் பாக்கர் மாமாவுக்கு. எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் மாமா பெயர் கீழே வந்தால் அந்தக் கல்யாணம் நடக்குமா? எல்லாருக்கும் மேலே ஏற்றினாள். பிஸ்மி சொல்லித் திறந்தாள்.

மாமாவின் செல்போன் அடித்தது. ஆடு வேண்டுமாம். மறுபடி அடித்தது. இன்னோர் ஆடு. அப்புறம் தண்ணீர், தொதல், தொதல், ஆடு. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடுது ஓடுது என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் போனைத் தூக்கிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் இருளாண்டி ஆடுகளோடு வாசலில் வந்து நின்றார். ஒரு செய்தியும் வரவில்லை என்றார். கிண்டிய தொதலைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு மஜீதாவும் வந்துவிட்டாள். வாப்பா வந்தார். அறையின் அகலத்தைக் காலடி வைத்து அளந்து பார்த்தார்.

சுலைகா திரையில் விரலை வைத்தாள். முதல் வரியிலேயே, மாமாவிடமே நின்றது. புரிந்ததும் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.  ஆனால் இதை மாமாவிடம் யார் போய்ச் சொல்வது?

"மாமா, ஒங்கள கீழ எறக்கணும்."

"எம்புட்டு?"

"எல்லாருக்கும் கீழ. ஆட்டுக்கும் கீழ."

மாமாவின் முகம் வாடிவிட்டது. ஏன் என்று கேட்டார்.

"நீங்க மேல இருந்தா ஒரு செய்தியையும் ஒங்களத் தாண்டிப் போக விடமாட்டேங்கிறீங்க மாமா."

மாமா பதில் சொல்வதற்குள் போனில் இன்னோர் ஆடு வந்தது. அதைப் பார்த்தார், வாசலில் மேய ஏதுமின்றி அவர் கைலியை மென்றுகொண்டிருந்த ஆட்டையும் பார்த்தார். "எறக்கு" என்றார். தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப்போய், அறையின் கடைசிச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார்.

சுலைகா அந்த வரியைக் கடைசிக்கு இறக்கி, மாமாவிடம் தேங்கியவற்றையும் உரியவர்களுக்கு அனுப்பியதும் அறையே குதியாட்டம் போட்டது. இருளாண்டியின் ஆடுகள் படபடவென்று வீடுவீடாகக் கிளம்பின. மஜீதாவின் சட்டி காலியானது. தண்ணீர் லாரி ஆரன் அடித்துக்கொண்டே போனது. மாமாவின் போன் மட்டும் செத்துக் கிடந்தது. அவர் அதை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். சுலைகாவுக்குப் பாவமாக இருந்தது. வாப்பா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஷார்ஜாவிலிருந்து ஒன்று வந்தது. அவள் விரல் இறங்கியது. ஆடு இல்லை. தண்ணீர் இல்லை. தொதல் இல்லை. கடைசி வரியில் போய் நின்றது. சுவரோரம் போன் அடித்தது.

மாமா சத்தம்போட்டுப் படித்தார். "வயசான உம்மா தனியா இருக்காங்க. பெருநாளுக்கு அவங்களோட உக்காந்து சாப்புட ஆளு வேணும்."

சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தாடியை வாரிக்கொண்டார். முதலில் போய் ஒரு முகம் காட்டிவிட்டு, நாளைக்கு மாமியையும் கூட்டிப் போவதாகச் சொன்னார். போகிற போக்கில் போனை வாப்பாவின் கையில் வைத்தார்.

"நான் வாரவரைக்கும் கடைசி வரிய நீங்க பாத்துக்கங்க மச்சான்."

வாப்பா அறையைக் கடந்து போய்ச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தார். போனைக் கைலி முனையால் துடைத்தார், மடியில் வைத்துக்கொண்டார், அது அடிப்பதற்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.