மனிசன்ட பேரை நான் சொன்ன நாள்

அறுபத்தாறாம் ஆண்டு மாரியில என்ட மனிசன் சாகக் கிடந்தார். வலது பக்கத்துக் கிட்னி கல்லடைச்சு அழுகிப் போச்சு, எடுக்காட்டி ஆள் தப்பாது எண்டு டொக்டர்மார் சொல்லிப் போட்டாங்க. வள்ளத்தைத் தனியத் தள்ளுற மனிசன், கிழிஞ்ச சீலை மாதிரிக் கிடந்தார். நான் செட்டிபாளையத்தில புள்ளையளை அயல் வீட்டில விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள். அழுகையும் வரல்ல.

எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்ல மாட்டன். ஒப்பரேசன் அண்டு காலையில நேர்ஸ் மிஸ்ஸி வந்து, வெட்டுறது படிக்க வந்த சின்ன டொக்டர், பெரிய டொக்டர் பக்கத்தில நிண்டு பார்ப்பார் எண்டா. எனக்குத் தலையில இடி விழுந்திச்சு. மீசையும் ஒழுங்கா முளைக்காத பொடியன்! "பழகிப் பார்க்க என்ட மனிசன்தானா கிடைச்சார்?" எண்டு மிஸ்ஸியோட சண்டை பிடிச்சன். "எல்லா டொக்டரும் இப்படித்தான்கா பழகினவங்க. பெரியவர் கண்ணை எடுக்க மாட்டார்" எண்டா. நான் நம்பல்ல. விறாந்தைத் தூணில சாஞ்சு ஜெபிச்சன். ஜெபமெண்டா சொல்ற, சண்டைதான். "ஆண்டவரே, இந்தப் பொடியனை மாத்தும். அல்லாட்டி என்னையும் சேத்துக் கொண்டு போம்." மழை அடிச்சு ஊத்திச்சு.

ஒப்பரேசன் தியேட்டர் வாசலில ரெண்டு தள்ளுவண்டி. ஒண்டில அவர். மத்ததில வவுணதீவில வயல் செய்யிற ஒருத்தர், அவருக்கு இடது கிட்னி எடுக்க. தூவானம் அடிக்குது எண்டு ஆரோ வண்டியளை இழுத்து விட, முன்னுக்கு நிண்ட வயல்காரர்ட வண்டி பின்னுக்குப் போச்சு. ஊசி போட்டிருந்ததால ரெண்டு பேரும் அரை மயக்கம். முதல்ல உள்ளுக்குக் கொண்டு போனது என்ட மனிசனை.

ஒள்ளுப்ப நேரம்தான் போயிருக்கும், அந்தப் பொடியன் வெளிய வந்தான். வாயைத் துணியால கட்டியிருந்தான். "அம்மா, உள்ள கிடக்கிறவர்ட பேர் என்ன? நான் ரெண்டு பேர்ட பேரையும் சொல்லிப் பார்த்தன், ரெண்டுக்கும் ஓம் எண்டுறார்."

எங்கட பக்கத்தில பொம்புளை புருசன்ட பேரைச் சொல்ற வழக்கமில்ல. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தும் அது எங்களை விட்டுப் போகல்ல. "என்ட மூத்தவன்ட அப்பா" எண்டன்.

"பேர், அம்மா."

"செட்டிபாளையத்தார்."

உள்ளயிருந்து பெரிய டொக்டர் ஏசினார். பொடியன் வாசலை விட்டு அசையல்ல. "பேர் தெரியாமக் கத்தி எடுக்க மாட்டன் சேர்" எண்டான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்திச்சு. ஆரை வெட்டப் போறம் எண்டே தெரியாதவன்ட கையிலயா என்ட தாலி? அந்தக் கோவத்தில கத்திப் போட்டன்: "சாமுவேல்! சாமுவேல்!"

அவன்ட கண் விரிஞ்சு போச்சு. உள்ள மாட்டியிருந்த எக்ஸ்ரே படம் மத்தவர்ட. இடது பக்கத்தைத் திறக்கத்தான் ஆயத்தமா நிண்டிருக்காங்க. நல்ல கிட்னியை எடுத்துட்டு அழுகினதை விட்டிருப்பாங்க! மறுகா பெரிய டொக்டரே வெளிய வந்தார். பொடியன்ட தோளில கையை வைச்சு, திரும்பக் கை கழுவக் கூட்டிப் போனார்.

அவன்தான் வெட்டினான். பெரியவர் பக்கத்தில நிண்டார். என்ட மனிசன் பிழைச்சார். மாத்தச் சொல்லி நான் மன்றாடின அதே பொடியனைத்தான் கர்த்தர் வாசலுக்கு அனுப்பினார். அதுக்குப் பிறகு, இவரை அனுப்பும், அவரை அனுப்பும் எண்டு நான் அவருக்குச் சொல்லிக் குடுக்கிறதில்ல.

வவுணதீவு மனிசனையும் ஒழுங்காத்தான் வெட்டினாங்க. காய்ச்சல் விடாம ஆள் போயிட்டார். அவர்ட பெண்சாதியும் என்னோட அதே விறாந்தையில நிண்டு தன்ட சாமியைக் கூப்பிட்டவதான். ஏன் எனக்கு மட்டும்? தெரியாது. தெரியும் எண்டு சொல்றவங்களோட எனக்குக் கதையில்ல.

சகோதரிமாரே, உங்கட ஆளும் அந்த வண்டியில கிடந்தா அழுங்க, கர்த்தரோட சண்டையும் பிடியுங்க, அவர் தாங்குவார். அவரை விட்டு மட்டும் போகாதீங்க. நான் காலையில ரெண்டு பேரைச் சொல்லி ஜெபிக்கிறன். ஒண்டு சாமுவேல். மத்தது பொன்னம்மா, அந்த வவுணதீவு மனிசன்ட பெண்சாதி. அவவுக்காக நீங்களும் ஜெபியுங்க.