மலை மட்டும் தெரிந்த ஜன்னல்

இது நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. கண்டியில் இருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியில், ஹுன்னஸ்கிரியவுக்குச் சற்று மேலே ஒரு தேயிலைத் தோட்டம். இன்றைக்கும் அந்த வழியால் பஸ்ஸில் போக நேர்ந்தால், தோட்டம் தெரியாத பக்கத்து சீட்டாகப் பார்த்துத்தான் உட்காருகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். கண்டியில் ஒரு சின்னக் கட்டடக்கலை அலுவலகத்தில் வீட்டு வரைபடம் வரைவது என் வேலை. எனக்கு ஜன்னல் பைத்தியம் என்று சொன்னால் அது மிகையில்லை. என் போனில் பெற்ற பிள்ளைகளின் படங்களைவிட ஜன்னல் படங்கள்தான் அதிகம் என்று மனைவி கேலி செய்வாள். ஜெய்ப்பூர் ஹவா மஹாலின் நூற்றுக்கணக்கான குட்டி ஜன்னல்கள், பாரிஸ் நோத்ர டாம் தேவாலயத்தின் வட்டமான வண்ணக் கண்ணாடி ஜன்னல், பார்சிலோனாவில் எலும்பை வளைத்து வைத்தது போன்ற சட்டங்களுடன் ஒரு வீட்டு ஜன்னல், இப்படிப் பெரிய சேகரிப்பு. இதில் எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. நேரில் பார்த்தது கண்டிப் பழைய வீடுகளில் இருக்கும் கடைந்த மரக்கம்பி ஜன்னல்களை மட்டும்தான். ஆனால் பேசத் தொடங்கினால் உலகமெல்லாம் சுற்றி வந்தவன் மாதிரிப் பேசுவேன்.

அந்தத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசை அறைகளில் வாழும் ஒரு லயம் மண்சரிவு அபாயத்தில் இருந்தது. அங்கிருந்த குடும்பங்களுக்கு மேட்டில் தனித்தனி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். வரைபடம் எங்கள் அலுவலகத்தினுடையது. எல்லாம் ஒரே அச்சு வீடுகள். ஆனால் கடைசி வீடு நிற்கும் இடத்தைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அந்த வீட்டு அறையின் ஜன்னலுக்கு நேரே நக்கிள்ஸ் மலைத்தொடர் முழுதாகத் தெரியும். கீழே பார்த்தால் லயத்துத் தகரக் கூரைகள், தண்ணீர்த் தாங்கி, பஸ் வந்து திரும்பும் வளைவு. அதெல்லாம் என் கண்ணை உறுத்தியது. ஜன்னலின் அடிவிளிம்பை வழக்கமான மூன்று அடியில் வைக்காமல் நாலு அடிக்கு மேல் உயர்த்தி, அகலமாக வைத்தேன். உள்ளே நின்று பார்த்தால் கூரையும் வீதியும் மறைந்து, மலை மட்டும் சட்டம் போட்ட படம் மாதிரி நிற்கும். நான் செய்ததிலேயே பெரிய கெட்டித்தனம் இதுதான் என்று அப்போது நினைத்தேன்.

சுவர் எழும்பிக்கொண்டிருந்த நாள், அந்த வீட்டுக்காரப் பெண் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு நேரே அங்கே வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார்.

"சேர், இந்த ஜன்னல கொஞ்சம் கீழ வச்சா நல்லாருக்கும். வீட்டுக்காரரு வந்து..." என்று தொடங்கினார்.

நான் முடிக்க விடவில்லை. அவருடைய கணவருக்கு எல்லா வீட்டையும் போல வேண்டுமாக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். போனை எடுத்து ஹவா மஹாலைக் காட்டினேன். நோத்ர டாமைக் காட்டினேன். ஜன்னல் என்பது வெறும் ஓட்டை இல்லை, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிப்பதுதான் கலை என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். கூடையின் ஈரம் முதுகில் காயாமல் நின்று, ஒவ்வொரு படத்தையும் அவர் மரியாதையாகப் பார்த்தார். கடைசியில், "நல்லாருக்கு சேர். நீங்க படிச்சவங்க, பாத்து செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீடு முடிந்து பத்து மாதம் கழித்து, கண்டியில் ஒரு கட்டடப் புகைப்படக் கண்காட்சி வந்தது. ஜன்னல்கள்தான் பொருள். எங்கள் அலுவலகத்தில் இருந்தும் ஒரு படம் அனுப்பலாம் என்றார்கள். நான் வேறு யோசனையே இல்லாமல் கமராவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

அன்று ஞாயிறு இல்லை என்றாலும் அந்தப் பெண் காய்ச்சலால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அறையில், ஜன்னல் சுவரோடு ஒட்டிப் போட்ட கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். மரம் வெட்டும்போது கிளை விழுந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லையாம். ஐந்து வருடமாம். "இவருதாங்க நம்ம ஜன்னல வச்ச சேர்" என்று மனைவி என்னை அறிமுகப்படுத்தினார். அவர் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஜன்னலுக்கு முன்னால், கூரை மரத்தில் இருந்து கம்பி கட்டி, ஆட்டோவில் இருந்து கழற்றிய பக்கக் கண்ணாடி ஒன்றைச் சரிவாகத் தொங்கவிட்டிருந்தார்கள். சரியாக என் மலைக்குக் குறுக்கே. இதை ஏன் இங்கே தொங்கவிட்டீர்கள், படத்துக்கு அசிங்கமாக இருக்கிறது, கொஞ்சம் கழற்றுங்கள் என்றேன். மனைவி கணவரைப் பார்த்தார். "சேர் சொல்றாருல்ல, கழட்டிரு" என்றார் அவர்.

கட்டில் விழாமல், ஜன்னலும் மலையும் மட்டும் வரும்படி எடுத்தேன். அன்று முகில் இல்லை. அற்புதமான படம். சந்தோஷத்தில் கமராத் திரையைக் கொண்டுபோய்க் கட்டிலில் இருந்தவரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"நம்ம வீட்டுல இருந்தா இவ்வளவு அழகா தெரியுது, சேர்?"

அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

அந்த நேரம் கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. அவருடைய கண்கள் சட்டென்று மேலே போயின. அங்கே வெறும் கம்பிதான் ஆடிக்கொண்டிருந்தது. "வந்துட்டாளா பாரு" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று கால்விரலில் எம்பிப் பார்த்தார், வளைவு தெரியவில்லை, வாசலுக்கு ஓடினார். "இறங்கிட்டா" என்று வெளியே இருந்து குரல் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள். தினமும் அந்த நேரத்துக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கி, படியேறி வருவதை அவர் அந்தக் கண்ணாடியில்தான் பார்ப்பாராம். மனைவி எந்தத் தேயிலைச் சரிவில் கொழுந்து எடுக்கிறார் என்பதும் அதில் தெரியுமாம். அவராகவே யோசித்துக் கட்டச் சொன்னதாம்.

நான் கட்டிலோரம் முழங்காலிட்டு, அவருடைய தலையணைக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் பார்த்தேன். பூசிய சுவர். அதற்கு மேலே கொஞ்சம் வெறும் வானம். உலகத்து ஜன்னல்களையெல்லாம் போனில் வைத்திருந்தவன் இந்த மனிதருக்குக் கொடுத்தது இதுதான்.

மனைவி உள்ளே வந்ததும், "அக்கா, அண்டைக்கு ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"சொல்லத்தான் வந்தேங்க சேர். நீங்க போன்ல படம் காட்டிக்கிட்டு இருந்தீங்க."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். கண்ணாடியைத் திரும்பக் கட்ட எழுந்தேன். சரிவு பிடிபடவில்லை. "இன்னும் கொஞ்சம் கீழ... இல்லங்க, இந்தப் பக்கம்... ஆங், வளைவு வந்துருச்சு" என்று கட்டிலில் இருந்தவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை கம்பி நழுவியது.

அடுத்த கிழமையே கொத்து வேலை செய்யும் மேசன் பாஸைக் கூட்டிப்போய் ஜன்னலின் அடிச்சுவரை உடைத்து, கட்டில் மட்டத்துக்கு இறக்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் வேலைகூட இல்லை. அந்த இரண்டு நாள் வேலைக்காகத்தான் ஒரு மனிதர் பத்து மாதம் ஆட்டோக் கண்ணாடியில் உலகத்தைப் பார்த்திருக்கிறார். வேலை முடிந்ததும் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்கள்.

இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் படத்தை நான் கண்காட்சிக்கு அனுப்பினேன். அனுப்பாமல் விட்டால் அலுவலகத்தில் காரணம் கேட்பார்கள், சொல்ல வெட்கமாக இருந்தது. நிறையப் பேர் பாராட்டினார்கள். இப்போது அது எங்கள் அலுவலக வரவேற்பறையில் பெரிதாகத் தொங்குகிறது. வீடு கட்ட வருகிறவர்கள் அதன் முன் நின்று ரசிக்கும்போதெல்லாம், யாரிடமும் நான் சொல்லாத ஒன்று என்னைக் குத்துகிறது: அந்தப் படம் முடிகிற இடத்துக்கு ஒரு முழம் கீழே அன்று ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார், அப்போது அவரால் பார்க்க முடியாமல் இருந்த மலையை நான் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.