மாலை 6.00, வெளியேறினார்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நிஜமாக நடந்தது. போன வருடம், பட்டப்பகலில், செவிலிமேடு தாண்டி ஒரு சாயப்பட்டறையில். அங்கே கழிவுநீரைப் பரிசோதிக்கிற வேலையில் இருந்த சங்கரி அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

பட்டுநூலுக்குச் சாயம் ஏற்றிய தண்ணீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும். அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி முடிகிற சமயம். வியாழக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள். புதுப்பித்துத் தராவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். நாற்பது குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.

அதிகாரிகள் முதலில் கேட்பது லாக் புக். எவ்வளவு தண்ணீர் வந்தது, எவ்வளவு போனது, ஆள் எப்போது வந்தார், எப்போது போனார் என்று அந்தந்த நேரத்தில் எழுத வேண்டும். யார் எழுதினார்கள்? மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ராத்திரி வரைக்கும் ஒரே மூச்சில் எழுதிவிடுவதுதான் அங்கே வழக்கம். திங்கட்கிழமை இரண்டு மணிக்கே சங்கரி எழுதிவிட்டாள். 'வீராசாமி, மாலை 6.00, வெளியேறினார்.'

வீராசாமி தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். பத்து வருட ஆள். செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. நல்ல நேரம் பார்த்து லீவு போட்டாரே மனிதர் என்று சங்கரி அலுத்துக்கொண்டாள்.

மதியம் 1.40. கரண்ட் போனது. மற்றத் தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் மோட்டார் நின்றது. இரவு பகலாகக் காதை அடைத்த இரைச்சல் சட்டென்று இல்லை.

டொக்.

சங்கரி நிமிர்ந்தாள்.

டொக்... டொக்...

இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். அவசரமே இல்லாமல். வெளியே வந்தாள். வெயிலில் யாருமில்லை. கழுவுவதற்காகக் காலி செய்திருந்த பெரிய தொட்டி. அதன் இரும்பு மூடியில் கை வைத்தாள்.

உள்ளங்கையில் அதிர்ந்தது.

"உள்ள யாரு?"

சத்தம் நின்றது.

பிறகு வீராசாமியின் குரல்... மெதுவாக...

"மணி என்னம்மா?"

1.45. சங்கரி போட்ட கூச்சலில் வாட்ச்மேன் லோகேஸ்வரன் ஓடி வந்து மூடியைத் தள்ளினார். பன்னிரண்டு அடி கீழே வீராசாமி கிடந்தார். கையில் ஸ்பேனர். இறங்கித் தொட்டவர்கள், உடம்பு சில்லிட்டு விறைத்துப்போயிருக்கிறது என்றார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தனியாக இறங்கியிருக்கிறார். ஏணி வழுக்கி, தொடை எலும்பு முறிந்திருக்கிறது. ஏழு மணிக்கு மூடி திறந்திருப்பதைப் பார்த்த லோகேஸ்வரன், உள்ளே ஆள் உண்டா என்று லாக் புக்கைத்தான் பார்த்தார். ஆறு மணிக்கே போய்விட்டதாக இருந்தது. மூடிவிட்டார். மோட்டார் இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து அழுதார்.

கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போய், விடியற்காலை நாலு மணிவாக்கில் உயிர் பிரிந்திருக்கிறது என்றார் டாக்டர். ராத்திரியே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாராம். அப்படியென்றால் மத்தியானம் மணி கேட்டது யார்?

ஒரு மாதத்தில் அனுமதி புதுப்பித்து வந்தது. சங்கரி வேலையை விட்டுவிட்டாள். மனசு ஆறாமல் வீராசாமியின் மனைவி லில்லியைத் தேடிப் போனாள். அவர் ஆறு மணிக்குப் போனதாக எழுதியது தான்தான் என்று காலைப் பிடித்து அழுதாள். அதனால்தான் யாரும் தேடவில்லை என்றாள்.

லில்லி அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

"நான் ஏன் தேடலைன்னு நீ கேக்கலியேம்மா."

சங்கரி பார்த்தாள்.

"ஆறரைக்கு வூட்டுக்கு வந்துட்டாரும்மா. துணியெல்லாம் ஈரம். சோறு வேணாம்னுட்டாரு. ராத்திரி முச்சூடும் செவுத்தைப் பாத்துக்கினு உக்காந்துக்கினே இருந்தாரு. நாலு மணி இருக்கும்... எழுந்து, கதவைத் தொறந்துக்கினு போனாரு."