வெறுங்கை

என் கூட்டாளி கடற்கரை பெருவியாதியில் செத்தான் என்று குற்றாலத்தில் இன்றைக்கும் சொல்லுகிறார்கள். ஆறு வருசமாக மறுத்துப் பேசி என் தொண்டைதான் காய்ந்தது. அவனைத் தொட்ட கை இது. நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் காட்டினாலும் நம்புவாரில்லை. அவன் மகள் பேச்சித்தாய்க்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அவனும் நானும் பேரருவிப் பக்கம், சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள். இருபது வருசம் ஒரே பாறை. அவன் கையைத் தேடி மதுரையிலிருந்து வருவார்கள். அவனுக்கு இழுப்பு நோய். சாரல் விழுந்தால் நெஞ்சு விசிலடிக்கும்.

ஐம்பத்தொன்பதில் தென்காசிக் கம்பவுண்டர் ஒருவர் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். பத்து நாளைக்கு என்றார். இழுப்பு நின்றதால் இவன் இரண்டு வருசம் விடாமல் தின்றான். முகம் பூரித்து வட்டமாகிவிட்டது.

“என்னலே, மவ கல்யாணச் சாப்பாட்ட இப்பவே சாப்பிட்டுட்டியா?” என்றேன். பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த நல்லகண்ணுவின் மகனுக்குப் பேச்சித்தாயைப் பேசி முடித்திருந்த நேரம்.

“அருவித் தண்ணி ஒடம்புல ஒட்டுதுலே.”

இரண்டு பேருமே அதை நம்பினோம்.

அறுபத்தொன்று சீசனில் பாறையில் வழுக்கி முழங்கை சிராய்த்தது. ஆறவில்லை. அங்கிருந்து தோள்வரைக்கும் மணி கோத்த மாதிரி கட்டிகள் ஏறி, உடைந்து, கறுத்தன. அக்கி என்று நினைத்து நான்தான் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி எழுதவைத்தேன். மூன்று தடவை. அதிலேயே ஒரு மாதம் போயிற்று.

அதற்குள் எவனோ பெருவியாதி, குஷ்டம் என்றான். குளிக்க வந்தவர்கள் விலகிப் போனார்கள். ஒருநாள் நானும் என் எண்ணெய்க் கிண்ணத்தை அவன் கிண்ணத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். பார்த்தான்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சீழெடுத்துச் சோதித்தார்கள். “இது மண்ணில் கிடக்கிற கிருமி. அபூர்வமாகத்தான் ஆளைப் பிடிக்கும். அந்த மாத்திரை உடம்பின் காவலைத் தின்றுவிட்டது. பெருவியாதி இல்லை, தொட்டால் ஒட்டாது” என்று டாக்டர் சீட்டெழுதிக் கொடுத்தார். நுரையீரலுக்கும் போய்விட்டது என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

கல்யாணப் பேச்சை நிறுத்தியிருந்த நல்லகண்ணுவிடம் சீட்டோடு போனேன்.

“சீட்டு இங்கிலீசுல கெடக்கு வே. புண்ணு தமிழ்லல்லா இருக்கு” என்றார். மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள்.

எனக்கு மறைக்கத் தெரியாது. டாக்டர் தனியாகச் சொன்னதையும் நல்லகண்ணு சொன்னதையும் கடற்கரையிடம் சொல்லிவிட்டேன். அவனும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“அவரு சொல்லுதது சரிதாம்லே. தமிழ்லயே சொல்லிருவோம்” என்றான். “நான் செத்தா துட்டிக்கு நல்லகண்ணு வருவாரு. ஊரே நிக்கும். நீதான் என்னக் குளிப்பாட்டணும். துணி கிணி சுத்தாத, வெறுங்கையால இந்தக் கையில எண்ணெய் தேயி. எல்லாரும் பாக்கட்டும். நீ தேய்க்கது எப்பவும் பூனையத் தடவுத மாதிரி இருக்கும். அன்னைக்காவது நல்லா அமுத்தித் தேயிலே.”