திரும்பி வந்த காலடியில் குழந்தை இல்லை

போன ஐப்பசியில், அடைமழை பெய்த ஒரு காலையில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் நடந்தது இது. அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராஜபாளையத்தில் பரீட்சை. கூமாப்பட்டியிலிருந்து புறப்படும்போதே என் இரண்டு வயது மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. கணவருக்கு வேலை வெளியூரில். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் அவருடைய அக்காவிடம் குழந்தையைக் கொடுத்தேன்.

"நா பாத்துக்கிடுதேன், நீ நிம்மதியாப் போயி எழுது" என்றார் மதினி.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அமெரிக்காவின் பழங்கால மனிதர்கள் பற்றிய பாடம் மட்டும் எனக்குப் பிடிபடாமலே இருந்தது. செல்போனில் ஏ.ஐ.யிடம் கேட்டேன். அது பொறுமையாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடத்தில், சேற்றில் பதிந்த காலடித்தடங்கள் கிடைத்திருக்கின்றனவாம். அவை எவ்வளவு பழையவை என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் தகராறு. அதில் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து போயிருக்கிறார். அங்கங்கே இறக்கிவிட்ட இடங்களில் பிஞ்சுக் காலடி. நடந்தவர் பெண் என்பவர்களும் உண்டு, இளவட்டப் பையன் என்பவர்களும் உண்டு. எனக்கு அது பெண்தான். நானும் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் மகளை இடுப்பு மாற்றி இடுப்பு சுமந்துகொண்டு சேற்றில் நடந்திருந்தேன்.

அடுத்து அது சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. அதே ஆள் அதே வழியில் திரும்பி வந்திருக்கிறார். திரும்பி வந்த தடத்தில் குழந்தையின் காலடி இல்லை. இடையில் பெரிய மிருகங்கள் வேறு அந்த வழியைக் கடந்து போயிருக்கின்றன.

குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்டேன். யாரிடமாவது ஒப்படைத்திருக்கலாம் என்பது ஒரு ஊகம், ஆனால் குழந்தைக்கு என்ன ஆனது என்பதைத் தடங்கள் சொல்லவில்லை என்றது. பத்திரமாக இருந்திருக்கும்தானே என்று திரும்பக் கேட்டேன். "அப்படி நம்ப ஆசைதான். ஆனால் எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது" என்று பதில் வந்தது.

உடனே மதினிக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டேன், அதேதான். சார்ஜ் இறங்கியிருக்கும், மழைக்குக் கரண்ட் போயிருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எதுவும் மனசில் நிற்கவில்லை. ஏசப்பா, என் பிள்ளையைக் காப்பாத்து என்று முனகிக்கொண்டே எழுந்து கண்டக்டரிடம் போனேன். "பரிச்சைக்குன்னுதானம்மா ஏறுனிய, இங்க எறங்குதிய?" என்றார் அவர். டிக்கெட் எடுக்கும்போது அவரிடம் பரீட்சை என்று சொல்லியிருந்தேன். பாதி வழியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினேன்.

நான் போனபோது மதினி குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. மகளைத் தொட்டுப் பார்த்தால் அனலாகக் கொதித்தது. குழந்தை கண்ணே திறக்கவில்லை.

"பரிச்ச எழுதப் போறவகிட்ட இதப் போயி சொல்லுவாகளா? நீ போன் போட்டா இவ அழுற சத்தம் கேட்டுருமேன்னுதான் அணைச்சுப் போட்டேன். செத்த நேரத்துல எறங்கிரும்னு பாத்தேன், எறங்கவே மாட்டேங்கு" என்றார் மதினி.

கோபப்பட நேரமில்லை. இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். சாயங்காலம் மகள் கண் திறந்து என்னைப் பார்த்துச் சிணுங்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மதினி என்னைவிட அதிகமாக அழுதார். எனக்காகத்தானே அப்படிச் செய்தார், பாவம்.

பரீட்சையை அடுத்த முறை எழுதிக்கொண்டேன். ஏரிச் சேற்றில் நடந்த அந்தப் பெண் எதற்காகத் திரும்பி நடந்தாள் என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அன்று என்னைத் தேற்றுவதற்காக அந்த ஏ.ஐ.யிடமிருந்து "பத்திரமாக இருக்கும்" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், நான் ராஜபாளையம் வரைக்கும் போயிருப்பேன்.