வாடகைக்கு இழவு வீடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டேன். காலையில் திருநீறு பூசிச் சாமி கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் உட்கார்ந்து அடுத்தவனை ஏசி எழுதுவது பாவமாச்சே என்று ஒரு பயம். பயம் இப்போது போய்விட்டது. ஆத்திரம்தான் போகமாட்டேன் என்கிறது.

நான் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் பிழைக்க வந்த காலத்தில், சாவு விழுந்தால் சிம்மக்கல் பக்கம் ஒரு கடைக்கு ஓடுவோம். மூங்கிலும் கீற்றும் கொடுத்து, பாடை கட்ட ஆளும் அனுப்புவார்கள். அப்புறம் ஐஸ் பெட்டி வந்தது. துபாய் மகன் வந்து சேரும்வரை அப்பன் கண்ணாடிக்குள் காத்துக்கிடந்தான். அப்புறம் ஒரு வேனுக்குப் பூ சுற்றி சொர்க்க ரதம் என்று பெயர் எழுதினார்கள். ஆற்றுப் பாலம் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போகிற வண்டி, என்னமோ சொர்க்கம் வரைக்கும் பெர்மிட் வாங்கிய மாதிரி. கடைசியில் வந்தது ஏசி ஹால். பிணத்தை வாசல்படி ஏறவிடாத மனிதர்கள் ஊரில் பெருகிவிட்டார்கள் இல்லையா, அதனால் இழவு வீட்டையே வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு ஹாலில்தான் என் அம்மாவைக் கிடத்தினேன்.

அப்போது அவனியாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் கண்மூடியதுமே கீழே இருக்கும் வீட்டுக்காரர் போன் பண்ணினார். மாதாமாதம் அன்னதானம் போடுகிறவர். நெற்றிச் சந்தனம் காயாது.

"தம்பி, இங்கிட்டுக் கொண்டாராதீங்க. நாளப்பின்ன யாரு குடிவருவா?"

"அண்ணே, இத்தனை வருசமா இங்கதான இருந்துச்சு."

"இருந்துச்சு. உசுரோட இருந்துச்சு."

ஹாலுக்குக் கோடித்துணியோடு வந்த என் தாய்மாமன் நாலு பக்கமும் பார்த்தார். "மண்டபம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. பொண்ணு மாப்பிள்ளையத்தான் காணோம்" என்றார். சொன்ன வாயோடு அக்காள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஹால்காரன் வந்து, "கொஞ்சம் சுருக்கா முடிங்க சார், அடுத்த பார்ட்டி வெளிய நிக்குது" என்றான். அழுகைக்கும் டோக்கன்.

எங்கள் வழக்கத்தில், பிணம் எடுத்ததும் இடத்தைக் கழுவித் தலைமாட்டில் விளக்கு ஏற்றுவோம். கருமாதி வரைக்கும் அது அணையக்கூடாது. போன உயிர் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் வீட்டுக்கு வந்துபோகும். அம்மாவை எடுத்ததும் என் மனைவி விளக்கோடு நின்றாள். "அதெல்லாம் இங்க வைக்கக்கூடாதும்மா" என்று ஹால்காரன் தண்ணீர் ஊற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டான். இனி அம்மா எந்த வெளிச்சத்தைப் பார்த்து வருவாள்? நான் சுடுகாட்டுக்குப் போனேன். மனைவி விளக்கை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனாள்.

நான் தலை முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் மாடிப்படியில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். உள்ளே, அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் விளக்கு எரிகிறது.

"பிணந்தான் வரலைல்ல, பெறகு எதுக்கு வெளக்கு? அத அமத்தச் சொல்லுங்க தம்பி."

நான் வாய் திறக்கும் முன் மனைவி உள்ளிருந்து சொன்னாள்: "கதவு தொறந்துதான் கெடக்கு. நீங்களே வந்து அமத்துங்கண்ணே."

எப்படி வருவார்? தீட்டு. தன் சொந்த வீட்டுக்குள் கால் வைக்கத் துணியாமல் படியிலேயே நின்றார். ஒரு காலை மேல்படியில் வைத்தார், எடுத்தார். பிறகு சுவரைப் பார்த்து என்னவோ முனகிக்கொண்டு இறங்கிப் போனார். எந்தத் தீட்டைச் சொல்லி என் தாயை வெளியே நிறுத்தினாரோ, அதுவே அவரையும் வெளியே நிறுத்தியது. மீனாட்சி கணக்கு அப்படி.

கருமாதி வரைக்கும் விளக்கு எரிந்தது. அம்மா வந்துபோனாள் என்றே நம்புகிறேன். அந்த மாதமே வீட்டைக் காலி செய்தோம்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். வீட்டுக்காரர் கடைசியில் மனசு இளகி உள்ளே வந்து கும்பிட்டார் என்று, நல்ல எண்ணத்தில்கூட ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். அவர் வரவில்லை.