முப்பத்து மூன்றாம் பக்கம்

'அச்சிலோ கட்டிலோ குறையிருந்து, அதை எழுதித் தெரிவித்தால் பதினைந்து நாட்களுக்குள் நல்ல படி அனுப்பப்படும்' என்று அந்தக் கவிதை நூலின் உள்ளட்டையில் பதிப்பகமே அச்சிட்டிருந்தது. தாலுகா அலுவலகத்தில் தலை நரைத்தவன் நான். இப்படிப்பட்ட வாக்கியங்களை நானே வரைந்திருக்கிறேன், மீறியும் இருக்கிறேன். ஆனாலும் நம்பினேன்.

இன்னும் உயிரோடிருக்கிறேன் என்று ஓய்வூதியத்துக்குச் சான்று கொடுக்கப் போளூர் போன நாளில் வாங்கிய நூல் அது. திரும்பி மலையேறும் பஸ்ஸிலேயே பிரித்தேன். எனக்குக் கவிதையை மனுவாகத்தான் படிக்க வரும்: மனுதாரர் யார், கோரிக்கை என்ன, யார் அதிகாரத்துக்கு உட்பட்டது. முப்பத்திரண்டாம் பக்கத்து மனுதாரர் ஒரு பெண். சாமை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறாள். எதிர்மனுதாரர் மேகம். அதனிடம் அவள் கேட்ட கேள்வியில் மூழ்கி, மலைப்பாதை வளைவுகள் கடந்துபோனதே எனக்குத் தெரியவில்லை. 'பிறகு அவள்' என்று பக்கம் முடிந்தது. புரட்டினால் பதினேழாம் பக்கம். பதினாறு பக்கங்களை இரண்டு தடவை கட்டி, அடுத்த பதினாறை விட்டுவிட்டார்கள்.

அன்றே கடிதம் எழுதினேன். பிறகு மூன்று நினைவூட்டல்கள். தபால் வரும் பஸ்ஸுக்குத் தினமும் போய் நின்றேன்.

என் மனைவி இந்த மலையில் பிறந்தவள். புளி உடைத்தபடியே கேட்டாள்:

"மேகத்தையே கேள்வி கேட்டவ, அப்பறம் இன்னா பண்ணாளாம்?"

"அதான் தெரியல."

"இதுக்கா ஒரு மாசமா அலையறீங்க? வூட்டுக்குப் போய்ட்டு ஒல வெச்சிருப்பா."

"அவ்ளோ பெரிய கேள்வி கேட்டவ ஒல வெப்பாளா?"

"கேள்வி கேட்டா பசிக்காதுங்களா?"

ஆத்திரத்தில் ஒரு தத்துவ நூலை எடுத்தேன். பாதியில் நின்ற எதையும் மனம் தானே முடித்துக்கொண்டு, அதைக் கண்ணால் கண்டதாகவே நம்பிவிடும் என்றது அது. ஓரத்தில் 'ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்று பென்சிலால் எழுதினேன். எழுதிய கை நின்றது. அந்தப் பெண்ணுக்கு அதற்குள் நான் ஐந்து முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஐந்திலும் மழை பெய்தது. ஆதாரம் நான்தான். அன்று முழுவதும் அந்த நூலோடு வீட்டுக்கும் புளிய மரத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். உத்தியோக காலத்தில் எந்த ஆணையும் என்னை இப்படி நடக்க வைத்ததில்லை.

கடைசியில் உறை வந்தது. மன்னிப்பு இல்லை, விடுபட்ட தாள்கள் மட்டும். தபால்காரர் கையெழுத்து வாங்குவதற்குள் நின்றபடியே படித்தேன். அவள் வீட்டுக்குப் போகிறாள். உலை வைக்கிறாள். உலை கொதிக்கும் ஓசையை மழையென்று நினைத்து வாசலுக்கு ஓடுகிறாள். அவ்வளவுதான்.

மனைவிக்கு உரக்கப் படித்தேன். ஜெயித்த முகத்தோடு கேட்டவள், கடைசி வரியில் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பறம்? பேஞ்சுதா?"

"முடிஞ்சிடுச்சு."

"நல்லா பாருங்க. இன்னொரு தாள் வுட்டிருப்பாங்க."

நூலில் அந்த இடத்தில் தாள்களை ஒட்டினேன். ஓரத்தில், மனைவியின் கூற்று உலை வரை ஏற்கப்பட்டது என்று குறித்தேன். கீழே, முறைப்படி: பதில் வரப்பெற்ற நாள், ஆடிப் பதினெட்டு.